மிச்சம் நின்ற சொல்

எனக்குக் குறுக்கெழுத்து பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்திரிகையில் கட்டம் போட்டிருக்கும் பக்கம் எங்கள் வீட்டில் கார் கண்ணாடி துடைக்கத்தான் உதவியது. ஒரு விஷயத்தை நேராகச் சொல்லாமல் எவனோ ஒருவன் சுற்றி வளைத்துச் சொல்லிவிட்டு, கண்டுபிடி பார்க்கலாம் என்று கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பான். அதற்காக நாலு பேர் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். இது ஒரு பிழைப்பா என்று நான் வாய்விட்டே கேட்டிருக்கிறேன்.

அப்படிக் கேட்டது என் மருமகள் கீர்த்திகாவிடம். காரியாபட்டிப் பெண். வேதியியலில் முதுகலை முடித்தவள். என் மகன் ஹரிபிரசாத்தைக் கட்டிக்கொண்டு வந்த கையோடு போர்மேன் பரீட்சையும் எழுதித் தேறினாள். வெம்பக்கோட்டைப் பக்கம் இருக்கும் எங்கள் பட்டாசு கம்பெனியில் மருந்து கலக்கும் இடம் அவள் பொறுப்பு. வேலையில் குறை சொல்ல ஒரு நாளும் இடம் வைத்ததில்லை. குறை கண்டுபிடிப்பதையே தொழிலாக வைத்திருக்கும் நானே இதைச் சொல்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி கேட்டிலேயே செல்போனை வாங்கி வைத்துவிடுவோம். முதலாளி வீட்டு ஆள் என்றாலும் அதே சட்டம்தான். கீர்த்திகா காலையில் காரை விட்டு இறங்கியதும் கேட்டருகே நின்று போனில் எதையோ ஒரு தடவை படிப்பாள். பிறகு வாட்ச்மேன் பலவேசத்திடம் போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். மதியம் வெளியே வந்ததும் போனை வாங்கி மளமளவென்று தட்டுவாள். என்னவென்று விசாரித்தால், குறுக்கெழுத்து அன்பர்கள் என்று ஒரு குழுவாம். தினம் ஒரு குறிப்பு போடுவார்களாம். இவள் அதை மனதில் ஏற்றிக்கொண்டு போய், பேனா பேப்பர் இல்லாமல் அவிழ்த்துவிட்டு வருகிறாளாம். பேனாவைக் கையில் வைத்திருந்தவர்கள் அதுவரை முழித்துக்கொண்டிருப்பார்களாம்.

எனக்கு வந்ததே கோபம். "மருந்து கலக்குற எடத்துல மனசு அங்கன இங்கன போகலாமா?" என்று பிடித்துக்கொண்டேன்.

"போகாது மாமா. அதை ஒரு ஓரமா உக்கார வச்சிட்டுத்தான் உள்ள போவேன். மரத்தடியில டீ குடிக்கையிலதான் எடுப்பேன்" என்றாள்.

நான் நம்பவில்லை. அந்தச் சீசன் முழுக்க அவள் பின்னாலேயே அலைந்தேன். ஒரு சல்லடை இடம் மாறி இருந்ததில்லை. கடைசியில் நான்தான் வெயிலில் சுற்றிக் காய்ச்சலில் படுத்தேன்.

அந்தக் குழுவில் விடையைச் சொல்லிவிட்டால் மட்டும் மரியாதை கிடையாது. விடை எப்படி வந்தது என்று விளக்க வேண்டும். கீர்த்திகாவின் விளக்கத்தைப் படிக்கவே பலர் காத்திருப்பார்கள் என்று என் மனைவி சுப்புலட்சுமி பெருமையாகச் சொன்னாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? மருமகளோடு சேர்ந்து அவளும் கெட்டுப்போய்விட்டாள். சாம்பார் கொதிக்கும்போதே இரண்டு பேரும் எழுத்தைக் கலைத்து அடுக்கிக்கொண்டிருப்பார்கள். குழம்பு அடிப்பிடித்த நாட்களுக்குக் கணக்கில்லை.

இந்தத் தீபாவளி முடிந்து கம்பெனிக்கு லீவு விட்டிருந்த நேரம். விருதுநகரில் அந்தக் குழுவினர் ஒரு போட்டி வைத்தார்கள். ஒரு மாதப் பத்திரிகையில் பல காலமாகப் புதிர்ப் பக்கம் அமைத்துவந்த கிறிஸ்துராஜ் என்ற தமிழாசிரியர் அந்த வேலையிலிருந்து ஓய்வுபெறப் போகிறார். போட்டியில் ஜெயிப்பவர்தான் இனி அந்தப் பக்கத்தை அமைப்பார். கீர்த்திகா எழுத்துச் சுற்றில் தேறிவிட்டாள். மிச்சம் இருந்தது விளக்கச் சுற்று. அதற்கு ஒரு விசித்திரமான விதி வைத்திருந்தார்கள். போட்டியாளர் தன் வீட்டிலிருந்து புதிர் தெரியாத ஒருவரைக் கூட்டிவர வேண்டும். கொடுக்கிற குறிப்பை அவருக்குப் புரியவைக்க வேண்டும். மேடையேறி விளக்கப்போவது அந்த வீட்டு ஆள்.

ஹரிபிரசாத் அடுத்த சீசன் ஆர்டருக்காகப் பாட்னா பக்கம் போயிருந்தான். சுப்புலட்சுமிதான் கெட்டுப்போயாச்சே, விதிப்படி அவள் கூடாது. எங்கள் வீட்டில் இன்னும் ஒன்றும் தெரியாத ஒரே ஆள் நான்தான்.

"மாமா, நீங்க வாரீகளா?" என்று கேட்டாள் கீர்த்திகா. நான் வேறு பக்கம் பார்த்தேன். "எனக்கு அந்தப் புதிர்ப் பக்கம் வேணும் மாமா" என்றாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்தப் பெண் தனக்கென்று ஒரு புடவை கேட்டதில்லை. பிறகு நான் எப்படி மாட்டேன் என்பது?

காரை நான்தான் ஓட்டினேன். திருத்தங்கல் தாண்டியதும் பாடம் ஆரம்பமானது.

"நெருப்பு, பாட்டு, காற்று மூன்றும் கூடிய பண்டிகை. நாலு எழுத்து. இதான் குறிப்பு மாமா. கடைசியில இருக்க பண்டிகைங்கிறதுதான் விடைக்கு அர்த்தம். மத்ததெல்லாம் விடையைச் செய்யிற சாமான். நெருப்புக்கு ஒரு எழுத்து சொல்லுங்க."

"தீ."

"பாட்டுக்கு?"

"பாட்டுக்கு ஏதும்மா ஒரு எழுத்து?"

"பா. வெண்பா, கலிப்பான்னு படிச்சிருப்பீகளே. காத்துக்கு வளின்னு ஒரு பேரு இருக்கு. இப்ப மூணையும் கூட்டுங்க."

தீ, பா, வளி. நான் காரை ஓரங்கட்டிவிட்டேன். பின்னால் வந்த லாரிக்காரன் திட்டிக்கொண்டே போனான். பிறந்ததிலிருந்து தீபாவளியை விற்றுத்தான் சோறு தின்கிறேன். எத்தனை லட்சம் பெட்டிகளின் மேல் அந்தப் பெயரை அச்சடித்திருப்பேன்? அதற்குள் நெருப்பும் பாட்டும் காற்றும் உட்கார்ந்திருப்பதை ஒருவன்கூட எனக்குச் சொல்லவில்லை. 'அட!' என்று என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது. கீர்த்திகா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

அடுத்தது அவளே அமைத்த குறிப்பு. "தவம் கலைந்ததும் அசுரனுக்கு நேர்ந்தது. மூணு எழுத்து." தவம் என்ற சொல்லில் இருக்கும் எழுத்துகளைக் கலைத்து அடுக்க வேண்டுமாம். கலைந்ததும் என்ற சொல் அங்கே அந்த வேலைக்குத்தான் நிற்கிறதாம். த, வ, ம்... வ, த, ம். வதம்! ஆமத்தூர் வருவதற்குள் நானே சொல்லிவிட்டேன்.

"ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கிடுங்க மாமா. குறிப்புல சும்மா வந்த சொல்லுன்னு எதுவும் கெடையாது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை இருக்கு. ஒரு சொல்லு மிச்சம் நின்னாலும் விளக்கம் செல்லாது."

இதைத்தான் நானும் கம்பெனியில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போகிறேன். மருந்து அறையில் தேவையில்லாத ஒரு சாமான் கிடக்கக் கூடாது, கிடந்தால் அது எதற்கு என்று சொல்லத் தெரிய வேண்டும். இந்த ஆட்டத்தில் ஏதோ விஷயம் இருக்கத்தான் செய்கிறது என்று எனக்கு அப்போது பட்டது. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என்னைக் கேலி பண்ணியே தீர்ப்பார்கள்.

ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. டீச்சர்கள், நர்சுகள், பேங்க்காரர்கள், அச்சகத்துக்காரர்கள் என்று நல்ல கூட்டம். எழுத்துச் சுற்றில் தேறி விளக்கச் சுற்றுக்கு வந்தவர்கள் இரண்டே பேர். எங்களுக்கு எதிரே ஜெபின் என்ற பையன். பேங்க்கில் வேலை பார்க்கிறான். அவனுடைய அம்மாவைக் கூட்டிவந்திருந்தான். அந்த அம்மா மேடையேறி நன்றாகத்தான் ஆரம்பித்தார். நடுவில் பதற்றத்தில் ஒரு சொல்லை விழுங்கிவிட்டு விடைக்குத் தாவிவிட்டார். கிறிஸ்துராஜ் மிச்சம் நின்ற சொல்லைச் சுட்டிக்காட்டிக் கேட்டபோது, அந்த அம்மா மகனைப் பார்த்துக் கையை விரித்துவிட்டார். கூட்டம் சிரித்தது. ஜெபினும் நல்ல பிள்ளையாகச் சிரித்தான்.

அப்படியென்றால் நான் ஒழுங்காகச் சொல்லிவிட்டால் பக்கம் கீர்த்திகாவுக்கு.

எங்கள் குறிப்பு இருந்த கவரைக் கொடுத்து மணப்பெண் அறைக்கு அனுப்பினார்கள். கீர்த்திகா கவரைப் பிரித்துப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் முகம் வெளிறிப்போனது. காகிதத்தை மடித்து உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"வாங்க மாமா, வீட்டுக்குப் போவோம்."

"என்னம்மா, கஷ்டமா இருக்கா?"

"இல்ல. ரொம்ப லேசு." குரல் ஒரு மாதிரியாக இருந்தது. "வேணாம் மாமா. அடுத்த தடவை பாத்துக்கிடலாம்."

நான் கையை நீட்டினேன். அவள் தரவில்லை. நான் கையை மடக்கவில்லை. கடைசியில் தந்தாள்.

'சரம் சிதறினால் சோற்றில் ஊற்றலாம். மூன்று எழுத்து.'

மற்றவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை. பூச்சரமோ முத்துச்சரமோ என்று நினைத்துக்கொண்டு போவார்கள். எங்கள் ஊரில் சரம் என்றால் பட்டாசுச் சரம். என் தம்பி மணிமுத்து சரம் பின்னும் அறையில்தான் போனான். ஒரு மத்தியான வேளை. எப்படி நடந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. நான் லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடினேன். எதிரே ஓடிவந்த ஒருவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "போகாதீக முதலாளி, சின்ன முதலாளி சிதறிட்டாக" என்று அழுதார்.

அவர் கடைசியில் சொன்ன அந்தச் சொல்லை நான் அதற்குப் பிறகு வாயில் எடுத்ததில்லை. வீட்டில் யாரும் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்று யாரும் யாருக்கும் சட்டம் போடவுமில்லை. கோயிலில் உடைக்கும் தேங்காயைக்கூட நாங்கள் விடலை என்றுதான் சொல்வோம், ஊரில் சொல்கிற பெயரைச் சொல்ல மாட்டோம். அரிசி கொட்டிவிட்டால் கொட்டிவிட்டது என்போம். தம்பியைப் பற்றிய பேச்சும் அதோடு சேர்ந்து நின்றுபோனது.

"உனக்கு யாரும்மா சொன்னா?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல மாமா. வந்த புதுசுல நான் ஒரு தடவை சொன்னேன். பூஜை ரூம்ல மணி மாலை அந்துபோன அன்னைக்கு. அத்தை முகமும் உங்க முகமும் மாறிப்போச்சு. அப்புறம் கம்பெனியில கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

"அப்ப இந்த ஆட்டத்துல எழுத்தை மாத்தணும்னா என்ன போடுவே?"

"கலைஞ்சு, குழம்பி, புரண்டு, தடுமாறின்னு எம்புட்டோ இருக்கு. அந்த ஒண்ணை மட்டும் நான் எந்தக் குறிப்புலயும் போட்டதில்ல."

அவள் வருஷக்கணக்காகக் குறிப்பு அமைத்து வருகிறவள். இந்த ஆட்டத்தில் அந்தச் சொல் எவ்வளவு சகஜம் என்று அன்று காலையிலிருந்து மண்டபத்தில் உட்கார்ந்து நானே கேட்டிருந்தேன். ஆளாளுக்கு அதைச் சொன்னபோதெல்லாம் நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் காகிதத்தைப் போட்டுவிட்டு எழுந்து போகிறவள். நான் தற்செயலாக எடுத்துப் பார்த்தாலும் அந்தச் சொல் என் கண்ணில் படக் கூடாது என்று இத்தனை காலம் சுற்றிப் போயிருக்கிறாள். அதை ஒரு நாளும் சொல்லிக்காட்டவில்லை. இப்போது கைக்கு வந்துவிட்ட பக்கத்தையும் சத்தமில்லாமல் விட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம் என்கிறாள். சும்மா சொல்லவில்லை, நான் பெற்ற பிள்ளைக்குக்கூட இப்படி ஒரு பக்குவம் கிடையாது.

"விளக்கத்தைச் சொல்லு" என்றேன்.

"மாமா..."

"சொல்லும்மா. நேரம் போகுது."

சொன்னாள். அந்த நிலையிலும் எவ்வளவு அழகாகச் சொன்னாள்! சரத்தில் இருக்கும் எழுத்துகள் எவை என்றாள், அவை எப்படி இடம் மாறுகின்றன என்றாள், கடைசி இரண்டு சொற்கள் விடைக்கு எப்படி அர்த்தமாகின்றன என்றாள். நடுவில் இருக்கும் சொல்லை வாயால் சொல்லாமல், "இதுதான் எழுத்தை மாத்தி அடுக்கச் சொல்லுது" என்று விரலை மட்டும் வைத்துக் காட்டினாள். மேடையில் அதை எப்படிச் சமாளிப்பது என்று இரண்டு பேரும் பேசவில்லை.

மேடையேறினேன். மைக்கைப் பிடித்துப் பழக்கம் உண்டு. பட்டாசு முதலாளிகள் சங்கக் கூட்டத்தில் சண்டை போட்டே பழகிய கை. குறிப்பைக் கிறிஸ்துராஜே உரக்க வாசித்துவிட்டார். வாசித்து முடித்ததும் ஆரம்பித்தேன்.

"எனக்குப் பட்டாசு கம்பெனி. புதிரெல்லாம் தெரியாது. இந்தக் குறிப்புல சோற்றில் ஊற்றலாம்ங்கிறதுதான் விடையோட அர்த்தம். முதல் சொல்லு சரம். ச, ர, ம். இந்த மூணு எழுத்தையும் எடுத்து மாத்தி அடுக்குனா ர, ச, ம். ரசம். சோத்துல ஊத்துறது."

கை தட்டினார்கள். கிறிஸ்துராஜ் தட்டவில்லை. அவர் நல்ல மனிதர், கண்டிப்பான வாத்தியார். "அழகாச் சொன்னீங்க ஐயா. ஆனா ரெண்டாவது சொல் அப்படியே நிக்குதே. அது என்ன சொல், அங்கே அதுக்கு என்ன வேலை?" என்று கேட்டார்.

கூட்டம் சிரிக்கத் தயாராக இருந்தது. நான் வாயைத் திறந்தேன். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதவரின் முகம்தான் முன்னால் வந்து நின்றது. கிறிஸ்துராஜ் காத்திருந்தார். பின் வரிசையில் யாரோ கனைத்தார்கள்.

கீர்த்திகா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "சார், நாங்க விலகிக்கிடுறோம். மாமாவை விட்ருங்க" என்றாள். அந்தப் பக்கத்துக்காக இத்தனை நாள் உழைத்தவள் அதைத் தூக்கிப் போடுவதற்காகக் கெஞ்சிக்கொண்டு நின்றாள்.

"உக்காரும்மா" என்றேன்.

அவள் உட்காரவில்லை.

"ரெண்டாவது சொல்லு, சிதறினால்" என்றேன்.

மைக்கில் அது பெரிதாகக் கேட்டது. என் வீட்டுக்குள் வராத சொல், மண்டபம் முழுக்கப் போய் வந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

"சிதறினால். எழுத்தைப் பிரிச்சு எடம் மாத்தச் சொல்லுறதுதான் இங்கன அதுக்கு வேலை." அவ்வளவோடு இறங்கியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "இங்கன அதுக்கு அம்புட்டுத்தான் வேலை. ஒரு எழுத்தும் காணாமப் போகல. மூணும் பத்திரமா இருக்கு. ச இருக்கு, ர இருக்கு, ம் இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. சிவகாசிப் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஜெபினின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

"என் தம்பி பேரு மணிமுத்து" என்றேன். "சரம் அறையில எறந்துபோனான். அவனுக்கு ரசம்னா உசுரு. சோத்துல ஊத்துறதுக்கு முந்தி உள்ளங்கையில வாங்கி ரெண்டு தடவை குடிப்பான். எங்க அம்மா, 'ஏலே, சோத்துக்கு மிச்சம் வையிலே'ன்னு வைவா."

இதை எதற்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. தம்பி போன பிறகு அவனை நினைத்தாலே எனக்கு அந்த மத்தியானச் சத்தம்தான் கேட்கும், வேறு எதுவும் ஞாபகத்துக்கு வராது. அவன் சாப்பிட்டான், சிரித்தான், என்னோடு சண்டை போட்டான் என்பதெல்லாம் எங்கே போயிருந்தன? இப்போது அவன் உள்ளங்கையைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மேடையில் நின்றுகொண்டே அழுதேன். எனக்கு வெட்கமாக இல்லை.

கிறிஸ்துராஜ் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். "ஒரு சொல்லும் மிச்சம் இல்லை" என்று மைக்கில் சொன்னார். முதலில் எழுந்து கை தட்டியது ஜெபின்தான். பக்கம் கீர்த்திகாவுக்கு என்று அறிவித்தார்கள். அவள் மேடைக்கு வந்து அவர் கொடுத்த சால்வையை வாங்கியதும் அதை என் தோளில் போட்டுவிட்டாள். போட்டோக்காரர் அப்படி வேண்டாம், மாற்றிப் போடுங்கள் என்று சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை.

திரும்பும்போது காரை அவள் ஓட்டினாள். நான் சால்வையின் ஓரத்தைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தேன்.

"மாமா" என்றாள்.

"சொல்லும்மா."

"சின்ன மாமாவுக்கு வேற என்னெல்லாம் பிடிக்கும்?"

இதை யாராவது கேட்கமாட்டார்களா என்று நான் எவ்வளவு காலமாகக் காத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சொல்ல ஆரம்பித்தேன். வீட்டு வாசலில் கார் நின்ற பிறகும் அவள் இறங்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.